அண்ணன் எழுதிய கெட்டிமேள சிடி

சிடி ரைட் ஆகும்போது வீட்டில் யாரும் நடக்கக் கூடாது என்பது என் அண்ணன் போட்ட சட்டம். நடந்தால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் சிடி எழுதுகிற பொட்டி ஆடும், பொட்டி ஆடினால் சிடி வீணாகிவிடும் என்பான். அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலேயே நின்றுகொள்வாள். வெளியே கிளம்பிய அப்பா ஒரு காலைச் செருப்பில் விட்டபடி வாசலில் நிற்பார். நான் ஒருத்திதான் வேண்டுமென்றே பீரோ கதவைப் படாரென்று சாத்துவேன். "பாப்பா, உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்பான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பொட்டி அவனுக்குச் சும்மா வந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவனுக்கு வேலை. அங்கே மாதக் கணக்கில் ரூம் எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது சைக்கிள், ஸ்டவ், கொசுவலை என்று எல்லாவற்றையும் யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் போவார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள், தன் கம்ப்யூட்டரைப் பலமுறை சரிபண்ணிக் கொடுத்த நன்றிக்கு, இதை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம் அது. திருவண்ணாமலையில் வாக்மேனே பெரிய விஷயம். இது அதற்கும் மேலே.

சாப்பாட்டு டப்பா மூடி அளவுதான் இருக்கும். ஒயரால் கம்ப்யூட்டரில் சேர்த்தால் சிடி எழுதும். ஒயரைப் பிடுங்கிவிட்டு அடியில் பேட்டரி போட்டால் அதே பொட்டி பாட்டுப் பாடும். சாதாரண சிடியும் பாடும், நூறு நூற்றைம்பது பாட்டு அடைத்த எம்பித்ரீ சிடியும் பாடும். சென்டரில் தூக்கிப் போட்ட சாமான்களை வைத்து அண்ணன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்தான். அதனால் இரண்டு வேலையும் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தான். மூடியைத் திறந்து, சிடியின் ஓரத்தை மட்டும் பிடித்து, நடுவில் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். உள்ளே சிடியைப் படிக்கிற கண்ணாடிக் கண்ணில் விரல் படக் கூடாது. பட்டனை ஒருதரம் தட்டினால் போதாது, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வரும். எம்பித்ரீ சிடி என்றால் உடனே பாடாது. உள்ளே எத்தனை பாட்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டுத்தான் பாடும், அதுவரை பொறுமை வேண்டும். பக்கவாட்டில் ஹோல்டு என்று ஒரு சின்ன தள்ளு பட்டன். அதைத் தள்ளிவிட்டால் மற்ற பட்டன்கள் எதுவும் வேலை செய்யாது, பையில் போட்டுக்கொண்டு போகும்போது தானாக அழுந்தாமல் இருக்க. பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா விட்டால் பேட்டரி மிச்சம் பிடிக்கப் பொட்டி தானே அணைந்துவிடும். இதெல்லாம் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கே அவன்தான் சொன்னான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எனக்கு வேலூரில் மாப்பிள்ளை அமைந்தது. நாள் குறித்தது மாப்பிள்ளை வீட்டு ஜோசியர். பார்த்தால் பௌர்ணமி. வேலூர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் காலண்டரில் ஒரு வட்டம், அவ்வளவுதான். கல்யாணம் நடக்கிற எங்கள் ஊரில் அது வேறு கதை. முதல் நாளே கிரிவலக் கூட்டம் வந்து இறங்கும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும். ஊருக்குள்ளே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகவே பாடாய்ப் பட வேண்டும். அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்ல நாளு, விடக்கூடாதுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் அதற்கு மேல் என்ன பேசுவார்?

முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. அண்ணன் தன் பொட்டியை சவுண்டு சர்வீஸ்காரரின் ஆம்பிளிஃபையரில் மாட்டிப் பாட்டுப் போட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். பந்தியின்போது போடுவதற்கென்று மங்கல இசை சிடி ஒன்றும் எழுதி வைத்திருந்தான். பழைய கேசட்டிலிருந்து நாதஸ்வரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு கீர்த்தனையாக வெட்டி, கெட்டிமேளத்தைத் தனியாகப் பிரித்து, எல்லாவற்றையும் எம்பித்ரீயாக அடைத்திருந்தான். கெட்டிமேளத்தை எதற்குத் தனியாகப் பிரிக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, "சும்மா, அழகா இருக்குது" என்றான்.

காலையில் மேளக்காரர்கள் வரவில்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வர வேண்டியவர்கள். பஸ் ஊருக்கு வெகு தூரத்தில் நின்றுவிட்டது, தவிலைச் சுமந்துகொண்டு கூட்டத்தில் நடந்து வருகிறோம் என்று மண்டபத்துக்கு போன் வந்தது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. அப்பா முகம் வெளுத்துப்போய் நின்றதை மணப்பெண் அறையின் வாசலிலிருந்து பார்த்தேன். அண்ணன் அவர் தோளைத் தொட்டு, "அப்பா, மேளம் என்கிட்ட இருக்குது. நான் பாத்துக்கறேன்" என்றான். அப்பா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நன்றாகத்தான் நடந்தது. நான் மேடைக்கு வந்தது முதல் ஹால் முழுக்க நாதஸ்வரம் ஒலித்தது. "மேளம் எங்கே குந்தி வாசிக்கிறாங்க?" என்று யாரோ கேட்டதுகூட என் காதில் விழுந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. பிறகு தாலித் தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவதற்காகக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். அண்ணன் பாட்டை மாற்றி, கெட்டிமேளத்தின் ஆரம்பத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைத்தான். சுற்றி நிற்கிற பிள்ளைகள் எதையாவது அமுக்கிவிடப் போகிறார்களே என்று ஹோல்டையும் தள்ளிவிட்டான். அவன் செய்த ஒவ்வொன்றும் ஜாக்கிரதைக்காகச் செய்ததுதான்.

தட்டு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் நிறைய வந்திருந்தார்கள். கடைசி வரிசைக் கிழவர்வரை தொட்டுக் கும்பிட்டுத் தட்டு திரும்பி வருவதற்குள் பொட்டி தன் வழக்கப்படி அணைந்துபோயிருந்தது.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அழுகை, தும்மல், ஆகாத பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது. அதற்காகத்தான் அத்தனை அடியும். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். அண்ணன் பட்டனை அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். அப்புறம் ஹோல்டு ஞாபகம் வந்து அதைத் தள்ளிவிட்டு அழுத்திப் பிடித்தான். பொட்டி உயிர் வந்து, சாவகாசமாகப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தது. ஐயர் நிறுத்தவில்லை, நேரம் போகிறதே. என் கழுத்தில் முதல் முடிச்சு விழுந்தது. அத்தனை பெரிய ஹாலில் ஈ பறந்தால் கேட்கும். அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு தும்மல் போட்டார்.

அவர் பொடி போடுகிறவர். மூக்கென்று ஒன்று இருந்தால் தும்மல் வரத்தான் செய்யும். இன்னொன்று போட்டிருந்தால்கூட ஒற்றைத் தும்மல் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிருக்கும். மனுஷன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையெல்லாம் போட்டு முடித்து, ஜனங்கள் பந்திப் பக்கம் திரும்பின பிறகு, அண்ணனின் கெட்டிமேளம் முழங்கியது. முழங்கி, முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து முழங்கியது. எவ்வளவு நேரமானாலும் விட்டுப்போகக் கூடாது என்று அதையே திருப்பித் திருப்பிப் பாடும்படி வேறு வைத்திருந்தான். யாரோ சிரித்தார்கள்.

பெரியப்பாவைக் குறை சொல்ல முடியுமா? வயசானவர், மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியவர். ஐயரைச் சொல்ல முடியாது. நாள் குறித்த ஜோசியரைச் சொல்ல யாருக்கும் தோன்றவே இல்லை. பந்தியில் என் மாமியார் பக்கத்து இலைக்காரியிடம் சொன்னார்: "தாலி கட்டும்போது மேளம் இல்ல, தும்மல்தான் இருந்துச்சு. கை ராசின்னு ஒண்ணு இருக்குது இல்ல. பொண்ணோட அண்ணன் கை அப்படி." பெரிதாகக் கோபித்துச் சொல்லவில்லை. அப்பளம் நொறுக்கிக்கொண்டே சொன்னார். அண்ணன் அப்போது சாம்பார் வாளியோடு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தான்.

மாமியாரை ராட்சசியாக்கி எழுத எனக்கு மனசில்லை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி பச்சைத் தண்ணீர் மாதிரி மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருப்பார். ஆனால் அந்த வாய்க்கு என்ன பண்ண? கல்யாணம் ஆன சில மாதத்தில் என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. சேதி கேட்டு அண்ணன் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். வாசல் கேட்டில் மாமியார் எதிர்வீட்டு அம்மாளிடம், "அன்னைக்கே மனசுல பட்டுச்சுமா. மேளம் இல்லாம ஏறின தாலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் அவன் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. அவன் பையை கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டான். எதிர்வீட்டு அம்மாள் அப்புறம் என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே போன் போட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு பாப்பா" என்றான்.

அதிலிருந்து அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. வேலூர் வந்தால் தெருமுனையிலிருந்து போன் பண்ணுவான். நான் போய், அம்மா கொடுத்துவிட்ட முறுக்கையும் ஊறுகாயையும் டீக்கடை வாசலில் நின்று வாங்கிக்கொள்வேன். "ஏண்ணா, என் வீட்டுக்கு வழி தெரியாதா?" என்று திட்டுவேன். "அடுத்த தபா வரேன்" என்பான்.

தலைதீபாவளிக்கு நாங்கள் திருவண்ணாமலை போனோம். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் மட்டும் சென்டரில் வேலை என்று போய்விட்டான். தீபாவளியன்று எந்த சென்டர் திறந்திருக்கிறது? "பாட்டாவது போட்டுட்டுப் போண்ணா" என்றேன். "பொட்டி ரிப்பேர்" என்றான்.

அவன் போனதும் பரணிலிருந்து நானே பொட்டியை இறக்கினேன். பேட்டரியைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தான். அது தீர்ந்துபோயிருந்தது. சின்ன டார்ச் லைட்டில் இருந்ததை எடுத்துப் போட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தேன். பொட்டியின் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு பாட்டு சிடியைப் போட்டேன். சமர்த்தாகச் சுற்றியது, பாடியது. ஒரு ரிப்பேரும் இல்லை. பொட்டி இருந்த பையின் அடியில் மங்கல இசை சிடி கிடந்தது. அதன் முதுகில் சாவியாலோ ஆணியாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்திருந்தான். கோடு ஒவ்வொன்றும் அவ்வளவு ஆழம். சிடியின் ஓரத்தை மட்டும் பிடி என்று எனக்குப் பாடம் எடுத்தவன் அவன். கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா கேட்டதற்கு வெடிப்புகை என்றேன்.

அப்புறம் எனக்கு முதல் கரு நிற்காமல் போனது. அந்தத் தடவை மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு சேர்ந்து அழுதார், அதுதான் நிஜம். ஆனால் அண்ணனுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மாவிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "என்னாலயாம்மா?" அம்மா அதை என்னிடம் சொன்னபோது எனக்கு அவன்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. படித்தவன், கம்ப்யூட்டரைப் பிரித்துச் சேர்க்கிறவன், ஒரு பேட்டரிப் பொட்டி தானாக அணைந்ததற்கும் என் வயிற்றுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று. நேரில் உட்காரவைத்து நாலு திட்டுத் திட்டிச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். அவன் பிடி கொடுத்தால்தானே. வீட்டில் விளக்கேற்றச் சொன்னால்கூட, "நீங்க ஏத்துங்க" என்று நகர்ந்துகொள்கிறான் என்று அம்மா புலம்பினாள்.

மறுபடி உண்டாகி, ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தான். வார்டு வாசலில் நின்று பார்த்தான். "தூக்கிக்கோண்ணா" என்று நீட்டினேன். "கை கழுவல பாப்பா" என்றான். கை கழுவக் குழாய் அவனுக்குப் பின்னாலேயே இருந்தது.

அடுத்து காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதில் மாற்றுப்பேச்சே கிடையாது. இதுதான் சமயம் என்று நான் கணக்குப் போட்டேன். ஊரே பார்க்க அவன் என் வீட்டு நடுவில், மனையில் உட்கார வேண்டும். என் பிள்ளை அவன் மடியில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வாய் என்ன பேசும்? மாமன் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டு வைத்து அழைக்கப் போனது யார் தெரியுமா, என் மாமியாரேதான். பழம், பூ, வெற்றிலைபாக்கு எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து அடுக்கினார். திருவண்ணாமலை போய் அண்ணன் கையில் தட்டைக் கொடுத்து, "மாமன் இல்லாம காதுகுத்தா? நேரத்தோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் அவர் காலில் விழுந்து வாங்கிக்கொண்டானாம். அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டேன். "நீ வந்தாதான் காது குத்துவேன்" என்றேன். "வரேன் பாப்பா, கண்டிப்பா வரேன்" என்றான். குரலில் பழைய சிரிப்பு இருந்தது. நான் நம்பினேன்.

அன்று காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நாதஸ்வரம், இரண்டு தவில், சுருதிக்கு ஒரு ஒத்து என்று மேளக்காரர்கள் இறங்கினார்கள். நாங்கள் யாரையும் மேளத்துக்குச் சொல்லவில்லை. வீட்டோடு செய்கிற காதுகுத்து, மேளம் எதற்கென்று விட்டிருந்தோம். மூத்தவராக இருந்த நாதஸ்வரக்காரரிடம், "அண்ணன் எங்கேங்க?" என்றேன்.

"திருவண்ணாமலையில இருந்து எங்ககூடத்தாம்மா வந்தாரு. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ பிடிச்சி ஏத்திவிட்டாரு. அவரும் ஏறுவாருன்னு நாங்க நகந்து இடம் விட்டோம். பட்டு வேட்டி கட்டிக்கினு வந்திருந்தாரு" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஊசி குத்தறப்ப நடுவுல ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாரும்மா. ஏறக்குள்ள திரும்பவும் சொன்னாரு" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாமா என்று இருந்தது. என் வீட்டுக்காரரை பைக்கில் அனுப்பினேன். ஆசாரி ஊசியும் சந்தனமுமாக உட்கார்ந்துவிட்டார், நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. போனவர் தனியாகத் திரும்பி வந்தார். திருவண்ணாமலை பஸ் அப்போதுதான் போனதாம். அண்ணன் முறையில் இருக்கிற என் சித்தப்பா மகனை மனையில் உட்காரவைத்தார்கள். பிள்ளையை அவன் மடியில் நானே வைத்தேன்.

மேளக்காரர்கள் அண்ணனுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். இரண்டு தவிலும் சேர்ந்து அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை வாயைத் திறந்து அழுவது தெரிந்தது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து, பந்தியும் ஓய்ந்து, பிள்ளை தூங்கிய பிறகு, மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு தட்டு, அதில் தாய்மாமனுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த வேட்டியும் துண்டும் பிரிக்காமல் இருந்தன. "மேளம் ஜோரா இருந்துச்சு. உங்க அண்ணன் அனுப்பினதாமே" என்றார். துண்டின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்: "நானே தட்டு வெச்சி அழைச்சேனே, ஏம்மா அவரு வரல? எங்க மேல இன்னா கோவம் அவருக்கு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.